படகுக்குத் தக்க எஞ்சின்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டையில் வாழ்பவர்க்குக் கடல் தொலைவில் இல்லை. கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால் ராயபுரம். அதனை அடுத்துக் காசிமேடு. விடியற்காலையில் அங்கே சென்று நிற்பவர் காதில் அலையோசைக்கு முன்னதாக எஞ்சின்களின் ஓசையே விழும். பெரிய விசைப்படகுகள் உறுமிக்கொண்டு துறைக்குள் நுழையும். அவற்றினிடையே சிறிய ஃபைபர் படகுகள் துள்ளிக்கொண்டு வரும். மீன் கூடைகள் கரை ஏறும். ஏலம் கூறுவோர் குரல் ஓங்கும். விலை தீர்ந்ததும் படகுக்காரர் முதலில் எண்ணி எடுத்து வைப்பது எண்ணெய்க்குரிய பணத்தை. எஞ்சியதே அவருக்கும் உடன் சென்ற தொழிலாளர்க்கும் பங்காகும். ஆதலின், ஒரு படகு எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பது எஞ்சினைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அடுப்பு எரிவதைப் பற்றிய கேள்வியும் ஆகும். அதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நெய்தல் நில மக்களாகிய நம் பரதவர் பன்னூறு ஆண்டுகள் எண்ணெய்ச் செலவு என்பதையே அறியாது கடலோடினர். மரங்களைக் கயிற்றால் பிணைத்து அமைத்த கட்டுமரமே அவர்தம் ஊர்தி. அப்பெயரே கடல் கடந்து சென்று ஆங்கில மொழியிலும் வழங்கலாயிற்று. கிழக்கிலிருந்து வரும் கொண்டல், மேற்கிலிருந்து வரும் கோடை, வடக்கிலிருந்து வரும் வாடை, தெற்கிலிருந்து வரும் தென்றல் என நான்கு காற்றுகளையும் அவர்கள் பெயரிட்டு அறிந்திருந்தனர். காற்று உதவியபோது பாய் விரித்தனர். உதவாதபோது துடுப்பு வலித்தனர். வேலைக்குத் தக்கவாறு மரங்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் கட்டிக்கொண்டனர். தேவைக்கு மிஞ்சிய மரம் ஒன்று சேர்ந்தால் அதனைத் தள்ளும் தோள்களுக்கே வருத்தம் என்பதை அவர்கள் உடலால் உணர்ந்திருந்தனர்.

எஞ்சின் வந்த வரலாறு நெடியதன்று. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல் என்பவர் தம் பெயரால் வழங்கும் எஞ்சினை 1897ஆம் ஆண்டில் வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். 1909இல் அமெரிக்காவில் ஓல் எவின்ரூடு என்பவர், படகின் பின்பலகையில் மாட்டவும் கழற்றவும் கூடிய எஞ்சினைச் செய்து விற்கத் தொடங்கினார். நம் மீனவர் ‘அவுட்போர்டு’ என்று கூறுவது இவ்வகை எஞ்சினையே.

நம் நாட்டில் 1952இல் இந்திய அரசும் நார்வே அரசும் ஐக்கிய நாடுகள் நிறுவனமும் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அதன் வழியே கேரளத்துக் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் படகுகளை எஞ்சின் மயமாக்கும் முயற்சி தொடங்கிற்று. அங்கிருந்த பழைய ஓடங்கள் எஞ்சினுக்கு ஏற்றவையாக அமையவில்லை. எனவே எஞ்சினைத் தாங்குதற்கென்றே புதிய படகுகளை வடிவமைத்தனர். படகும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்னும் முதற்பாடத்தை இந்நாடு அங்கே கற்றது எனலாம். பின்னர் 1980களில் தமிழ்நாட்டுக் கட்டுமரங்களிலும் அவுட்போர்டு எஞ்சின்கள் ஏறின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எண்ணற்ற கட்டுமரங்களை அழித்தது. அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுகளே நிரப்பின.

என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர் காசிமேட்டில் அத்தகைய படகு ஒன்றை வைத்திருக்கிறார். படகின் நீளம் ஏறக்குறைய 9 மீட்டர். அதில் 10 குதிரைத்திறன் உள்ள எஞ்சின் பல ஆண்டுகள் குறையின்றி உழைத்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் பெரிய எஞ்சின் வாங்கியதைக் கண்டு அவரும் மனைவியின் நகையை அடகு வைத்து 25 குதிரைத்திறன் உள்ள எஞ்சின் ஒன்றை வாங்கினார். எண்ணூரில் பேருந்துகளும் சரக்குந்துகளும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களும் உருவாகி வந்த வட்டாரம் இது. குதிரைத்திறன் என்னும் சொல்லை இங்கே சிறுவரும் அறிவர். அது மிகுதியாக இருப்பதே சிறப்பு என்று எண்ணுவதும் இயல்பே.

ஆறு திங்கள் கழித்து அவர் கணக்கு நோட்டுடன் என் இல்லத்திற்கு வந்தார். “ஐயா, எஞ்சின் பெரிதாயிற்று, கைக்கு வருவது சிறிதாயிற்று. நகையை மீட்க வழியில்லை. காரணம் எனக்கு விளங்கவில்லை” என்றார்.

“தம்பி, நான் அறிந்தது மொழியின் இலக்கணம். எஞ்சினின் இலக்கணத்தை உன் மகன் கற்கிறான் அல்லவா? அவனையும் அழைத்து வா, மூவரும் கூடிப் பார்ப்போம்” என்றேன்.

அவருடைய மகன் ராயபுரத்தில் உள்ள மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனத்தில் கடல் எஞ்சின் பழுதுபார்க்கும் தொழிலைப் பயில்பவன். மறுநாள் அவன் வந்து கூறியதைக் கேட்டபோது, வயது முதிர்ந்த நானும் மாணவன் ஆனேன்.

அவன் முதலில் தந்தையை நோக்கி, “அப்பா, படகு மெல்லச் செல்லும்போது கையை நீரில் விட்டுப் பாருங்கள். நீர் வழுக்கிச் செல்லும். வேகம் இருமடங்கானதும் மீண்டும் விட்டுப் பாருங்கள். கையைப் பிடுங்குவது போல இழுக்கும்” என்றான். நீரின் எதிர்ப்பு வேகத்தோடு சமமாக வளர்வதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதனை வெல்லுவதற்கு வேண்டிய திறனோ எட்டு மடங்காகிறது. அதாவது, திறன் வேகத்தின் மும்மடியாக வளர்கிறது.

இக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் தெளியலாம். கடலில் தொலைவைக் கடல்மைல் கொண்டு அளப்பர். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல்மைல் செல்லும் வேகத்தை ஒரு ‘நாட்’ என்பர். ஒரு படகு 7 நாட் வேகத்தில் செல்லுவதாகக் கொள்வோம். ஏழின் மும்மடி 343. வேகத்தை 6 நாட்டாகக் குறைத்தால், ஆறின் மும்மடி 216. எனவே 343 பங்கு திறன் வேண்டிய இடத்தில் 216 பங்கு போதுமானதாகிறது. மெல்லச் செல்லுவதால் நேரம் சற்றுக் கூடும். அதனையும் சேர்த்துக் கணக்கிட்டால், 7 நாட்டில் 49 லிட்டர் எண்ணெய் செலவாகும் தொலைவுக்கு 6 நாட்டில் 36 லிட்டர் போதும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகிறது. இதற்காக நாம் இழப்பது யாது? 14 கடல்மைல் தொலைவை 2 மணியில் அடைவதற்கு மாறாக 2 மணி 20 நிமிடத்தில் அடைகிறோம். இழப்பு இருபது நிமிடமே.

இவ்வளவோடு நீர் நம்மை விடுவதில்லை. படகு ஓடும்போது தன் முன்னும் பின்னும் தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது படகின் அணியம், அதாவது முன்பகுதி, மேலே தூக்கிக்கொள்ளும். பின்பகுதி பள்ளத்தில் ஆழ்ந்துவிடும். அப்போது படகு தான் எழுப்பிய குன்றின் மீது தானே ஏற முயலுகிறது. நீரில் தோயும் நீளத்தை மீட்டரில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 2.4ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் நாட்டில் கிடைக்கும். 9இன் வர்க்கமூலம் 3; ஆதலின் 9 மீட்டர் படகின் எல்லை ஏறத்தாழ 7 நாட். இவ்வெல்லையை நெருங்கும்போது செலவு மும்மடிக் கணக்கையும் மிஞ்சி ஏறுகிறது. சுமையற்ற இலேசான படகு, பெரிய எஞ்சினின் வலிமையால் எழும்பி நீரின் மேல் சறுக்கிச் செல்லக்கூடும். ஆனால் வலையும் பனிக்கட்டியும் மீனும் ஆட்களும் ஏறிய மீன்படகு அவ்வாறு எளிதில் எழும்புவதில்லை.

“அப்பா, உங்கள் பழைய எஞ்சினைப் போல இரண்டரை மடங்கு திறன் உடையது புதிய எஞ்சின். மும்மடிக் கணக்கின்படி பார்த்தாலே வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். எல்லை வேகம் குறுக்கிடுவதால் அதுவும் முழுமையாகக் கிட்டாது. எண்ணெயோ இரண்டரை மடங்கு எரிகிறது. கணக்கு நோட்டு அழுவது இதனால்தான்” என்றான் இளைஞன். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியோர் கூறும் பழமொழி எஞ்சினுக்கும் பொருந்தியதைக் கண்டு வியந்தேன்.

இச்செய்திகள் யாவும் நம் நகரத்திலேயே ஆராயப்பெற்றவை என்பதை அறிதல் வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், வங்காள விரிகுடாத் திட்டம் என்னும் பணியை 1979இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்தியது. நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளராகிய ஓய்விந்த் குல்பிரான்சன் என்பவர், சிறிய மீன்படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் முறைகளைத் தொகுத்து எழுதிய நூலை அத்திட்டம் 1986இல் சென்னையிலிருந்து வெளியிட்டது. டீசல் எஞ்சின் பூட்டிய படகைத் துறைமுகம் இல்லாத மணற்கரையிலும் ஏற்றி இறக்குதற்காக, விசிறியையும் தண்டையும் மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு ஒன்றையும் அத்திட்டத்தார் உருவாக்கினர்.

இனி, எஞ்சின் வகைகளைக் காண்போம். சிறு படகுகளுக்குரியவற்றை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ இயங்கும் இருவீச்சு அவுட்போர்டு. இதன் எடை குறைவு; விலையும் குறைவு; அமைப்பும் எளியது. ஆயினும் உள்ளே வந்த எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும் குறை இதற்கு உண்டு. இரண்டாவது, நான்குவீச்சு அவுட்போர்டு. இதில் அவ்விழப்பு குறைவு. விலையும் எடையும் சற்று மிகுதி. மூன்றாவது, டீசல் எஞ்சின். இது கனமானது, விலை மிக்கது, அதிர்ச்சியும் ஓசையும் உடையது. ஆனால் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதில் இதற்கு இணையில்லை. தமிழ்நாட்டுக் கரையோரத்தில் சிறிய டீசல் எஞ்சினோடு நீண்ட தண்டைப் பூட்டி, அதன் நுனியில் விசிறியை அமைத்து ஓட்டும் படகுகளைக் காணலாம்.

ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெறுவதற்கு டீசல் எஞ்சின் ஏறக்குறைய கால் லிட்டர் எண்ணெய் கொள்ளும். இருவீச்சு எஞ்சினோ அரை லிட்டர் அல்லது அதற்கு மேலும் கொள்ளும். 8 குதிரைத்திறனில் நாள்தோறும் 4 மணி நேரம் ஓடும் படகுக்கு முன்னதில் 8 லிட்டரும், பின்னதில் 16 லிட்டருமாவது செலவாகும். ஆண்டில் 200 நாள் கடலுக்குச் சென்றால் இவ்வேறுபாடு 1,600 லிட்டர் ஆகிறது.

அப்படியாயின் எல்லாரும் டீசல் எஞ்சினே வாங்கலாமே என்று நீங்கள் வினவலாம். இங்கேதான் ஆய்ந்து தேர்தல் வேண்டும். நாள்தோறும் நெடுந்தொலைவு செல்பவர்க்கு டீசல் எஞ்சினின் மிகை விலை எண்ணெய்ச் சேமிப்பிலேயே மீண்டுவிடும். எப்போதேனும் சிறிது தூரம் செல்பவர்க்கு அவ்விலை மீளவே மீளாது. அவருக்கு இலேசான அவுட்போர்டே ஏற்றது. அலை முறியும் மணற்கரையில் படகைக் கையால் தள்ளி இறக்குபவர்க்கு எடை குறைந்த, உடனே தூக்கிக்கொள்ளக்கூடிய எஞ்சின் வேண்டும்; துறைமுகத்தில் படகைக் கட்டுபவர்க்கு அத்தேவை இல்லை. பழுதுற்றால் செப்பனிடும் கைகளும் மாற்று உறுப்புகளும் அருகில் கிடைக்குமா என்பதும் காணத்தக்கது. எனவே ‘எந்த எஞ்சின் சிறந்தது?’ என்று கேட்பது முழுமையான வினாவன்று. ‘இப்படகுக்கு, இக்கரையில், இத்தொழிலுக்கு எது பொருந்தும்?’ என்று கேட்பதே முறை.

எஞ்சினைத் தேர்ந்த பின்னும் சிக்கனத்திற்கு வழிகள் உள. நீரில் சுழலும் விசிறி பெரிதாகவும் அதன் சுழற்சி மெதுவாகவும் இருப்பின், திறன் வீணாவது குறையும். சிறிய விசிறி விரைந்து சுழன்றால் நீரைக் கலக்கி நுரையாக்குவதே மிகுதி. நெளிந்த விசிறியைத் தட்டிச் சீராக்காமல் ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதை ஒக்கும். படகின் அடியில் பாசியும் சிறு சிப்பிகளும் ஒட்டிக்கொண்டால் நீர் வழுக்கிச் செல்லாமல் பற்றிக்கொள்ளும். ஆதலின் அடிப்புறத்தை அடிக்கடி சுரண்டித் தூய்மை செய்தல் வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்நாட்களில் காசிமேட்டில் படகுகளைக் கரையேற்றிச் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும் இதன் பொருட்டே.

காற்றையும் மறத்தல் ஆகாது. சிறிய பாய் ஒன்றும் துடுப்பும் படகில் இருத்தல் நன்று. காற்று ஒத்துழைக்கும் நாளில் பாய் எண்ணெயை மிச்சப்படுத்தும். எஞ்சின் நின்றுபோன நாளில் உயிரையே காக்கும். எடுத்துச் செல்லும் எண்ணெயில் ஒரு பங்கைப் போவதற்கும், ஒரு பங்கை மீள்வதற்கும் கொண்டு, மூன்றாம் பங்கைத் தொடாமல் வைத்தல் கடலோடிகள் கைக்கொள்ளும் நல்வழக்கம். திடீரென எதிர்காற்று எழுந்தால் அம்மூன்றாம் பங்கே வீடு சேர்க்கும். மெல்லச் செல்பவர் எண்ணெய் மீதியோடு மீள்கிறார். விரைந்து சென்றவர் சில வேளைகளில் நடுக்கடலில் உதவியை எதிர்நோக்கி நிற்கிறார்.

என் மாணாக்கர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு தடையை எழுப்பினார். “ஐயா, முதலில் கரைக்கு வரும் படகின் மீனுக்கே ஏலத்தில் நல்ல விலை. மெல்ல வந்தால் அவ்விலை போய்விடுமே” என்றார். இஃது உண்மையான தடையே. அதற்கும் அவருடைய மகனே விடை கூறினான். “அப்பா, வலை விரிக்கப் போகும்போது உங்களுக்கு ஏலம் இல்லை. அப்போது மெல்லச் செல்லுங்கள். மீன் மிகுதியாகக் கிடைத்த நாளில் மட்டும் விரைந்து வாருங்கள். வெறும் வலையோடு வரும் நாளில் விரைவு எதற்கு?” என்றான்.

அன்று மாலையே அவர்கள் எஞ்சினின் விசைப்பிடியில், முழு வேகத்திற்கு முன்னதாக ஓரிடத்தில் சிவப்பு நூல் ஒன்றைச் சுற்றிக் கட்டினார்கள். காரணமின்றி அந்நூலைத் தாண்டுவதில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். ஒரு திங்கள் கழித்துக் கணக்கு நோட்டைக் கொண்டு வந்து காட்டினார். எண்ணெய்ச் செலவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பிறகு அவர் அப்பெரிய எஞ்சினை விற்றுவிட்டுத் தம் படகுக்கும் தொழிலுக்கும் ஏற்ற சிறிய டீசல் எஞ்சினை வாங்கினார். அடகு வைத்த நகையில் ஒரு பகுதி மீண்டுவிட்டது. எஞ்சியதும் மீளும் என்னும் நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது.

மாணவர்களே, எஞ்சின் மனிதனுக்கு உழைக்க வந்தது. அளவறிந்து ஆள்பவர்க்கு அது நல்ல பணியாள். அளவு மறந்தவரை அது தனக்கு உழைக்குமாறு செய்துவிடும். நிலத்திலிருந்து தோண்டி எடுக்கும் எண்ணெய் வற்றாத ஊற்றன்று; எரியாது வழியும் எண்ணெய் நீரையும் மீனையும் கெடுக்கும். காற்றின் போக்கறிந்து மரம் கட்டிய முன்னோரின் அளவறிவும், கணக்கால் நீரின் இயல்பை அளக்கும் இக்காலக் கல்வியும் ஒருங்கே அமைந்தால் நம் கடலோர இல்லங்களில் விளக்கு ஒளிரும். நீங்கள் அடுத்த முறை காசிமேட்டுக்குச் செல்லும்போது, பெரிதாக உறுமும் படகை மட்டும் நோக்காதீர்கள். அமைதியாக வந்து கரை சேரும் படகையும் நோக்குங்கள். அதன் விசைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் இருக்கக்கூடும்.

பயிற்சி

1. கட்டுமரம் கட்டியவர்களின் அளவறிவு எவ்வாறு வெளிப்பட்டது?

2. 25 குதிரைத்திறன் எஞ்சினை வாங்கியும் மாணாக்கரின் வருவாய் குறைந்ததற்குக் காரணங்கள் யாவை?

3. டீசல் எஞ்சின் யாருக்குப் பொருந்தும்? அவுட்போர்டு எஞ்சின் யாருக்குப் பொருந்தும்? காரணங்களுடன் எழுதுக.

4. நீரில் தோயும் நீளம் 4 மீட்டர் உள்ள படகின் எல்லை வேகத்தைக் கணக்கிடுக.

5. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்னும் பழமொழி உன் வாழ்வில் பொருந்திய நிகழ்ச்சி ஒன்றனைப் பத்து வரிகளில் எழுதுக.